நிற்காத கலப்பை

பிறர் துயரைக் கண்டும் காணாதிருக்கும் மனிதரைக் கவிதையும் ஓவியமும் பலமுறை காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் அவற்றில் குற்றவாளி ஒருவன் இருப்பான். கொடுங்கோலனாகவோ, கல்நெஞ்சம் படைத்த செல்வனாகவோ அவன் வருவான். அவனை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாகத் திரும்பிவிடலாம். அத்தகைய நிம்மதியைத் தராத ஓவியம் ஒன்று பிரஸ்ஸல்ஸ் நகரில், பெல்ஜியத்தின் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'இகாரஸின் வீழ்ச்சியுடன் ஒரு நிலக்காட்சி' என்பது அதன் பெயர். பதினாறாம் நூற்றாண்டின் ஃபிளெமிய ஓவியர் பீட்டர் புரூகல் கற்பனை செய்த காட்சி அது. 1912-இல் அருங்காட்சியகம் பெற்ற இப்படம், தொலைந்துபோன மூல ஓவியத்தைப் பார்த்து வேறொருவர் வரைந்த படியாகலாம் என்று இன்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கை எவருடையதாயினும் அந்தப் பார்வை புரூகலுடையது.

கதை நாம் அறிந்ததே. தந்தை டீடலஸ் மெழுகாலும் இறகாலும் செய்துகொடுத்த சிறகுகளோடு பறந்த இகாரஸ், சூரியனை நெருங்கியதால் மெழுகு உருகிக் கடலில் வீழ்ந்து மடிந்தான். இதைப் பாடிய ரோமக் கவிஞர் ஓவிட், அவர்கள் பறந்ததைக் கண்ட மூவரைக் குறிப்பிடுகிறார்: ஒரு மீனவன், ஒரு மேய்ப்பன், ஓர் உழவன். வானில் செல்வோர் தேவர்களே என்று அம்மூவரும் வியந்து நின்றதாக அவர் கூறுகிறார். புரூகல் அதே மூவரைத் தம் படத்தில் கொண்டுவருகிறார். அவர்களுடைய வியப்பை மட்டும் எடுத்துவிடுகிறார்.

படத்தின் முன்புறம் முழுவதும் சிவப்புச் சட்டை அணிந்த உழவனுக்கே உரியது. குனிந்த தலையோடு, குதிரை பூட்டிய கலப்பையின் பின்னே நடக்கிறான். அவனுக்குக் கீழே மேய்ப்பன் கோலில் சாய்ந்து நிற்கிறான். மீனவன் தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கிறான். பெரிய கப்பல் ஒன்று பாய் விரித்து நகர்கிறது. வலது கீழ்ப்புறத்தில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே, நீருக்கு மேல் இரண்டு சிறிய வெண்ணிறக் கால்கள் தெரிகின்றன. இகாரஸ் என்பது அவ்வளவுதான்.

நண்பர்கள் நாங்கள் சிலர் ஒருநாள் மாலை கணினித் திரையில் இப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயரைச் சொல்லாமல் காட்டியபோது அந்தக் கால்களை எவரும் கவனிக்கவில்லை. பெயர் தெரிந்த பிறகே தேடினோம். தேடிக் கண்டபின் எங்கள் கண் வேறெங்கும் செல்ல மறுத்தது. உழவனின் மீது எங்களுக்குச் சினம் வந்தது. அப்போது காப்பி கொண்டுவந்த நண்பரின் தாயார் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏர் பிடிக்கிறவன் எப்படிப்பா நிமிர்ந்து பார்ப்பான்? கண்ணை எடுத்தா கொழு மாட்டுக் காலில ஏறிடாதா?" என்றார். அவர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். படத்தில் இருப்பது மாடு அல்ல, குதிரை என்று திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தக் கேள்வி எங்கள் வாசிப்பை மாற்றியது. உழவன் கொடியவனல்லன். குனிந்தே இருக்கவேண்டிய தொழில் அவனுடையது; அவன் நிமிர்ந்தால் உழவு கெடும், உழவு கெட்டால் உணவில்லை. சாகிறவனுக்காக எந்தக் கலப்பையும் நிற்பதில்லை என்று அந்நிலத்தில் ஒரு பழமொழி உண்டு என்றும், ஓவியர் அதை எண்ணியே வரைந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் கூறுவர். வயலோரப் புதரில் வெளிறிய தலையொன்று கிடப்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர். அங்கே ஒரு சாவு முன்னரே நிகழ்ந்திருக்கிறது. அதற்காகவும் உழவு நிற்கவில்லை.

மேய்ப்பனின் நிலை வேறு. அவன் நிமிர்ந்துதான் நிற்கிறான். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி வெற்று வானை நோக்குகிறான். இக்காட்சியின் மற்றொரு படி பிரஸ்ஸல்ஸிலேயே வான் பியூரென் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் வானில் டீடலஸ் இன்னும் பறந்துகொண்டிருக்கிறார். அதையும் கண்ட பிறகே மேய்ப்பனின் பார்வை விளங்குகிறது. பறப்பவனைப் பார்த்து மெய்மறந்தவனுக்கு, வீழ்ந்தவன் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறான். உழவனைவிட இவனே நம்மை அதிகம் ஒத்திருக்கிறான் என்று எண்ணுகிறோம். நமக்கும் ஓய்வு உண்டு, நிமிர்ந்து பார்க்கவும் முடியும். உயரே செல்வோரைப் பார்ப்பதிலேயே அது கழிந்துவிடுகிறது.

கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் இந்த அருங்காட்சியகத்தின் பெயரையே தலைப்பாக்கி எழுதிய கவிதை 1938 டிசம்பரில் பிறந்தது. அக்காலத்தை மறந்துவிட்டு அதைப் படித்தால், அமைதியான ஒரு கலை ரசனைக் குறிப்பாகவே தோன்றும். அவ்வாண்டு முற்பாதியில் ஆடன் சீனாவில், ஜப்பானியப் படையெடுப்பின் அழிவை நேரில் கண்டிருந்தார். ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்ற யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபத்துக்குக் குறைவில்லை, ஆனால் டொமினிக்கன் குடியரசைத் தவிர ஏறத்தாழ எந்நாடும் கதவைத் திறக்க முன்வரவில்லை. நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதக் கோவில்கள் எரிந்தன. இவற்றுள் ஒன்றைக்கூட அக்கவிதை குறிப்பிடவில்லை. பழைய ஓவியர்களைப் பற்றி, உரத்துப் பேசாமல், உரையாடல் தொனியிலேயே பேசுகிறது. அந்தத் தணிந்த குரலே அதன் குற்றச்சாட்டு என்று நாம் கருதுகிறோம்.

அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸும் இதே படத்தைப் பாடினார். அவர் தொழிலால் மருத்துவர். சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். 21 சிறிய வரிகளில் இகாரஸின் வீழ்ச்சியை முதலில் ஒரு செய்திபோல் சொல்லிவிட்டு, வசந்த காலத்தின் பரபரப்புக்குள் சென்றுவிடுகிறார். இகாரஸ் மூழ்குவதை நாம் மீண்டும் கேட்பது கடைசியில்தான். ஓவியம் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் விரித்து வைத்துவிட்டு, எதைக் காணத் தவறுகிறோம் என்று நம்மைச் சோதிக்கிறது. கவிதையில் சொற்கள் வரிசையாகவே வரவேண்டும் என்பதால், அது நம்மைக் கைபிடித்து அந்தக் கால்களிடம் அழைத்துச் செல்கிறது.

காணத் தவறுவது ஒன்று. காணாதபடி செய்துகொள்வது மற்றொன்று. புரூகலின் 'குழந்தைகளின் படுகொலை' என்னும் ஓவியம் இரண்டாவதற்குச் சான்று. ஏரோது மன்னனின் ஆணைப்படி பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்ற விவிலியக் கதையை, பனி மூடிய ஒரு ஃபிளெமிய ஊரில் நிகழ்வதாக அவர் தீட்டினார். பிற்பாடு அதைக் கைக்கொண்ட பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு அக்காட்சி உவப்பாக இல்லை. குழந்தைகளின் மீது வேறு வண்ணம் பூசப்பட்டது. கொல்லப்பட்ட பிள்ளைகள் இருந்த இடங்களில் துணி மூட்டைகளும், கோழி வாத்துகளும், இறைச்சியும் பாலாடைக்கட்டியும் தோன்றின. கொலை கொள்ளையாயிற்று. இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ள அப்படத்தில், தாய்மார்கள் மூட்டைகளுக்காகக் கதறுகிறார்கள். அவர்களின் முகங்களை மட்டும் எவரும் மாற்றவில்லை. அந்த அழுகை அந்தப் பொருள்களுக்கு மிகவும் பெரியதாக இருக்கிறது. இந்தப் பொருந்தாமை ஒன்றுதான் அங்கே நிகழ்ந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றையும் ஒரே சொல்லால் அலட்சியம் என்று அழைப்பது முறையன்று என்பதே எங்கள் எண்ணம். உழவனிடம் இரங்க நேரமில்லை. மேய்ப்பனுக்கு நேரம் உண்டு. கண் வேறெங்கோ இருக்கிறது. பேரரசர் கண்டார், கண்டதனாலேயே மறைத்தார். நாம் கோபத்தை முதலாமவன் மீதே செலவழித்துவிடுகிறோம், ஏனெனில் அவன்தான் படத்தின் முன்னால் நிற்கிறான்.

காண்பதால் மட்டும் என்ன பயன் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆடனின் கவிதை எந்த அகதியையும் காப்பாற்றவில்லை. ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1935-இல், நாஜிகளின் பகையால் ஜெர்மானியக் குடியுரிமையை இழக்கவிருந்த எரிகா மானை அவர் மணந்தார். எழுத்தாளர் தாமஸ் மானின் மகளான அவரை ஆடன் அதற்குமுன் அறிந்ததில்லை. அவருக்கு ஒரு பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது; ஆடன் பதிவேட்டில் கையொப்பமிட்டார். அதற்கு அரை நாள் ஆகியிருக்கலாம். பிறகு அவர் தம் வேலைக்குத் திரும்பினார்.