மீண்ட இடம்

பொருள்வயிற் பிரிவு என்பது அகப்பொருள் பயின்ற மாணவர் அனைவரும் அறிந்ததே. பிரிந்தவன் வினை முடித்து மீளுங்கால் அவன் தேர் தன் ஊர் நோக்கியே விரையும். பிழைப்பின் பொருட்டு வேற்று நாடு புகுந்தவன், அப்பணியின் பொருட்டே மற்றொரு நாட்டுக்கு அனுப்பப்பட்டு, முன்னைய வேற்று நாட்டுக்கே திரும்புவானாயின் அதனை எத்துறையில் அடக்குவது? 2003ஆம் ஆண்டில் இவ்வினா ஒரு தொலைபேசி உரையாடலின் நடுவே எம்மை வாயடைக்கச் செய்தது.

யாம் கோவில்பட்டியிற் பிறந்தவர். தந்தையார் தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றில் கணக்கெழுதி வந்தார். ஊர்ப்புறத்தே மானாவாரிக் கரிசல் சிறிது உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசியில் ஒரு மழை விழுந்துவிட்டாற் களியாகி, நடப்பவன் செருப்பைப் பற்றிக்கொண்டு விடாது. வாங்கிய நீரை நெடுநாள் தன்னுள் வைத்திருந்து பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் சிறுகச் சிறுக வழங்கும். ஆங்கிலேயர் காலத்திலேயே, 1901இல், இங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது. ஆயினும் வானம் பொய்க்கும்போது பண்ணையும் என்செய்யும்? அவ்வாறு பொய்த்த ஓராண்டில்தான் யாம் கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்திற் கணக்கராய்ச் சேர்ந்தோம்.

மூன்றாண்டுகள் சென்றபின் நிறுவனத்தார் எம்மை ஜகார்த்தாவுக்கு இரு வாரம் அனுப்பினர். ஆங்கே விடுதியிற் பதிவேட்டை நீட்டி, ‘எவ்வூர்?’ என வினவினர். கையில் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே ‘கோலாலம்பூர்’ என்று எழுதினோம். எழுதியபோது அது தவறாகத் தோன்றவில்லை. அந்த இரு வாரமும் யாம் ஏங்கியதும் கோலாலம்பூர் அறையையே. உண்மையைச் சொல்வதில் வெட்கமென்ன? எமது தலையணை, எமது தேநீர்க் குவளை, கீழே மளிகைக் கடையில் தமிழில் நலம் வினவும் முதியவர் ஆகியவையே கண்முன் நின்றன.

திரும்பிய நாளில் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து நகரம் வரும் வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். முதன்முறை கண்டபோது அப்பசுமை எமக்கு அச்சமூட்டியது. கண்ணுக்கெட்டிய தூரம் வானம் காணப் பழகியவர்க்கு அது சுவரேயன்றோ? இம்முறையோ மனம் அமைதியுற்றது. அறைக் கதவைத் திறந்தோம். சென்ற விடுமுறையில் அன்னையார் கொடுத்தனுப்பிய கடலைமிட்டாய் அந்நாட்டு ஈரக்காற்றில் நமத்துப் பிசுபிசுத்திருந்தது. வாயிலருகே கிடந்த பழஞ்செருப்பின் அடியில் கரிசல் மண் காய்ந்து கல்லாகியிருந்தது.

அழைப்பு அட்டையைச் சுரண்டி ஊருக்குப் பேசினோம். “அம்மா, வீட்டுக்கு வந்துட்டேன்” என்றோம்.

ஒரு கணம் மறுமொழியில்லை. பின்னர், “எப்பய்யா வந்த? டேசன்லயா நிக்கிற?” என்று அன்னையாரின் குரல் பதறி எழுந்தது. தொலைபேசியை விலக்கி உள்ளே நோக்கி, “ஏலே, அண்ணன் வந்துட்டான்! சைக்கிள எடு!” என்று அவர் கூவுவதையும் கேட்டோம். யாம் நெல்லை விரைவு வண்டியில் வந்திறங்கிவிட்டோமென்றே அவர் கொண்டார். அவர் மொழியில் வீடு என்பதற்கு வேறு பொருள் இல்லை. எமக்கு அது எப்போது உண்டாயிற்று என்பதை யாமே அறிந்திலோம். திருத்திக் கூறுவதற்குள் அட்டையிற் பாதி கரைந்தது. “சரிய்யா… சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவே.

அன்றிரவு கு. அழகிரிசாமியை நினைத்துக்கொண்டிருந்தோம். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் 1923இற் பிறந்தவர், 1950களில் இதே கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழிற் பணியாற்றினார்; ஆங்கிருந்த இளம் எழுத்தாளர்களுக்கு ஆசானாகவும் விளங்கினார். 1957இல் நாடு திரும்பியபோது அவர் திரும்பியது இடைசெவலுக்கன்று, சென்னைக்கு. 47 வயது நிறையுமுன் 1970இல் மறைந்தார்; சாகித்திய அகாதெமி பரிசு ‘அன்பளிப்பு’ நூலுக்காக அதன்பின் வந்தது. அவர் கதைகளோ கரிசலை விட்டு அகன்றவையல்ல. அவரிருந்த ‘தமிழ் நேச’னும் 2019இல் நின்றுபோயிற்று. அவருடைய இளமைத் தோழர், அதே ஊரினரான கி. ராஜநாராயணன், நெடுங்காலம் அம்மண்ணிலேயே உழவராய் இருந்தும் பிற்காலத்திற் புதுச்சேரிவாசி ஆனார். 2021இல் அங்கே மறைந்த அவருடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதை செய்தனர். கரிசலின் பெரும் எழுத்தாளர் இருவருக்கும் முகவரி வேறிடமாயிற்று என்பதில் எமக்குச் சிறிது ஆறுதலே. அது பொய்யாறுதலாகவும் இருக்கலாம்.

அதன்பின் தொலைபேசியில் ‘ரூமுக்கு வந்துட்டேன்’ என்றே சொல்லிப் பழகினோம். அடுத்த விடுமுறையில் ஊர் சென்றபோதுதான் தம்பி ஒன்று கூறினான். அன்று எம் குரல் கேட்டவுடன் அன்னையார் ஒரு படி அரிசியை அதிகமாய்க் களைந்து உலையில் இட்டுவிட்டாராம். மறுநாளும் அதன் மறுநாளும் வீட்டிற் பழஞ்சோறுதான்.