நாய்க்கு வக்கீல் உண்டு... ஆட்டுக்கு?

2025 ஆகஸ்ட்டில் எங்கள் ஆபீஸ் இரண்டு கட்சியாக உடைந்தது. அரசியல் இல்லை சார், நாய்! டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள் என்று 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்னதும் ஒரு கட்சி கை தட்டியது. 22-ஆம் தேதி, 'கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள். வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள்' என்று உத்தரவு மாறியதும் அடுத்த கட்சி கை தட்டியது. மத்தியானம் இரண்டு கட்சியும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டது.

அந்த மட்டன் எங்கிருந்து வருகிறது? அதுதான் என் விஷயம்.

எனக்கு ஊர் காங்கயம் பக்கம். மழை குறைந்த மேட்டு பூமி. அங்கே 'கொறங்காடு' என்று ஒன்று உண்டு. மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். பேர் பெற்ற காங்கயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில்தான். காலையில் செம்மறிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், மேய்க்க ஆள்கூட வேண்டாம். எங்களுக்கு அதுதான் ஏ.டி.எம். அக்கா கல்யாணச் சீர், என் காலேஜ் ஃபீஸ், எல்லாம் நாலு காலில் நடந்து சந்தைக்குப் போய்ப் பணமாகத் திரும்பி வந்தவை.

2024 கார்த்திகையில் ஒரு ராத்திரி, பட்டியில் 11 ஆடு போய்விட்டது. அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான்: "தின்னுருந்தாக்கூட மனசு ஆறும் கண்ணு. கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு."

நாய் பசிக்காக மட்டும் கடிப்பதில்லை. ஆடு மிரண்டு ஓடுகிறதே, அந்த ஓட்டம்தான் அதை உசுப்பி விடுகிறது. ஓடுகிறவரை துரத்தும், கடிக்கும். செம்மறியோ திருப்பி முட்டத் தெரியாத ஜாதி. மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். கடியே படாமல் நெரிசலில் மூச்சு முட்டிச் செத்தவை எங்கள் 11-ல் 3.

இத்தனை நாய் எங்கிருந்து வந்தது? (சிக்கன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடவும்.) டவுனில் கோழிக் கடைக் கழிவை மூட்டையாகக் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரத்திலும் வாய்க்கால் மேட்டிலும் வீசிவிட்டுப் போகிறார்கள். தினமும் விருந்து! கூட்டம் சேர்கிறது, குட்டி போடுகிறது. ஒருநாள் மூட்டை வராவிட்டால் அடுத்த பந்தி எங்கள் பட்டியில். இவற்றைத் 'தெருநாய்' என்பதே தப்பு. இதுகளுக்குத் தெருவே கிடையாது.

சட்டம் என்னவோ தெருவை மனதில் வைத்துத்தான் இருக்கிறது. 2023-ஆம் வருஷ விதிப்படி, பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடவேண்டும். நல்ல யோசனைதான். நூற்றுக்கு 70 நாய்க்கு ஊசி போட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்கிறார்கள். ஆனால் அப்பா ஒன்று கேட்டார்: "ஆப்பரேஷன் பண்ணுனா குட்டி போடாது, செரி. ஆட்டைக் கடிக்காதுன்னு எழுதிக் குடுப்பாங்களா?" எங்கள் ஆபீஸின் இரண்டு கட்சியிடமும் இதற்குப் பதில் இல்லை.

பக்கத்துத் தோட்டத்து மாமா விஷம் வைக்கலாம் என்றார். சட்டப்படி குற்றம். அதைவிட, அப்பா சொன்ன காரணம் பெரிது: "விஷத்துக்கு ஆரு நாய்னு தெரியுமா மாப்ள? உங்க வீட்டு நாயும்தான் இந்த வழியா வருது."

'ஆட்டை வித்துரலாம்' என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாதான் கேட்டாள்: "ஏனுங்க, ஆடில்லாத காட்டை வெச்சு என்ன பண்றது? பிளாட் போடறதா?" அப்பா வாயே திறக்கவில்லை. மறுநாள் கம்பி வலை வந்து இறங்கியது.

வீட்டை ஒட்டிப் பட்டி. 6 அடி வலை. அடியில் ஒரு அடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்க வைத்து, மேலே கல். நாய் தாண்டுவதைவிடத் தோண்டித்தான் நுழையும். கிளுவை வேலிச் சந்துக்கெல்லாம் முள். பால் மறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை ஆட்டுக்குட்டிகளோடு வளர்த்தோம். தானும் ஆடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வேற்று நாய் வந்தால் மட்டும் ஞாபகம் வந்துவிடும்! மொத்தச் செலவு, 6 ஆட்டு விலை.

செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்தி எங்கள் பக்கத்து விவசாயிகள் போராடியதில், 2025-ல் அரசு இழப்பீடு அறிவித்தது. அதற்குக் கால்நடை டாக்டர் சர்ட்டிபிகேட் முக்கியம். அவர் பார்க்குமுன் அவசரப்பட்டுப் புதைத்துவிடக் கூடாது.

ஆட்டுக்கு வலை போட்டாச்சு. அக்கா மகளுக்கு? ஐந்தாம் வகுப்பு. ஸ்கூல் பஸ்ஸுக்கு ஒரு கிலோமீட்டர் காட்டு வழி. அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்: ஓடாதே, கண்ணோடு கண் பார்க்காதே, பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெள்ளப் பின்வாங்கு. விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்.

கடித்தே விட்டால் சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி கிட்டே வரக்கூடாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது கடித்த அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் கையில்தான். காயம் ஆழமென்றால் அதைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போடுவார்கள். ஊசியைத் தள்ளிப் போடவே கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அரைக் கிலோவைத் தூக்குப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் சாதாரணமாகக் கேளுங்கள்: "அண்ணே, கழிவெல்லாம் எங்கே கொட்டறீங்க?"

பதில் சொல்லாமல் அவர் தராசைத் துடைக்க ஆரம்பித்தால், அங்கிருந்துதான் எங்கள் பட்டிக்குப் பாதை கிளம்புகிறது.