கால்பந்தும் நாங்களும்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்)

வட சென்னையில் பிறந்தவர்களுக்குக் கேரம், குத்துச்சண்டை, கால்பந்து ஆகிய மூன்றும் பிறவியிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் தாத்தாமார் சொல்வார்கள். முதல் இரண்டைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. மூன்றாவதைப் பற்றி மட்டும் தேவைக்கு மேலேயே தெரியும் என்பது எங்கள் வகுப்பு ஆசிரியை சிஸ்டரின் கருத்து. கடைசி இரண்டு பெஞ்சுகளில் அமர்ந்திருக்கும் எங்களில் சிலர் பள்ளி அணியில் ஆடுபவர்கள். சிலர் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துபவர்கள். ஆடுபவர்களைவிடக் கத்துபவர்களுக்கே ஆட்டம் நன்றாகத் தெரியும் என்பது உலக வழக்கு. ஆகவே, உள்ளூரில் உள்ள தொழில்முறை அணிகளைப் பற்றியும் கல்லூரி அணிகளைப் பற்றியும் எங்கள் எண்ணங்களை ஆண்டு மலரில் எழுதலாம் என்று துணிந்தோம்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த சென்னையின் எஃப்.சி. அணியிலிருந்து தொடங்குவோம். 2014-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பிறந்த அணி இது. 2015-இல் இவ்வணி வென்ற கதையை எங்கள் அண்ணன்மார் இன்றும் அலுக்காமல் சொல்கிறார்கள். அந்த ஆண்டு அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு அடுத்தடுத்து வென்று அரையிறுதிக்கு வந்தது. அதற்குள் டிசம்பர் மாதப் பெருவெள்ளம் சென்னையை மூழ்கடித்துவிட்டது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனே நகரில் நடத்த வேண்டியதாயிற்று. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், முடிய மூன்று நிமிடங்களே இருந்தபோது கோவா அணி 2-1 என்று முன்னணியில் இருந்தது. அதற்குப் பிறகு சென்னை இரண்டு கோல்கள் பெற்று 3-2 என்று வென்றது. கடைசிக் கோலை அடித்தவர் கொலம்பியா நாட்டு மெண்டோசா. வெள்ளத்தில் பாயும் அரிசியும் பாடப்புத்தகமும் போன வீடுகளில் அந்த இரவு சிரிப்பு கேட்டதாம். அப்போது நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமியர். ஆயினும் அந்தச் சிரிப்பின் பங்கு எங்களுக்கும் உண்டு என்றே நினைக்கிறோம்.

2018 மார்ச் மாதம் அதே அணி பெங்களூரு அணியை அதன் சொந்தத் திடலிலேயே 3-2 என்று வீழ்த்தி இரண்டாம் முறையாகக் கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் எங்கள் வியாசர்பாடிக்காரர். கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் எத்தனை கோல் போட்டாலும், பக்கத்துத் தெருப் பிள்ளை ஒரு பந்தைத் தடுத்து நிறுத்தும்போது வருகிற மகிழ்ச்சி தனி. இதை எங்கள் முதல் கருத்தாகச் சொல்லி வைக்கிறோம். உள்ளூர்ப் பிள்ளைகளைக் கரையில் உட்கார வைத்துவிட்டு வெளிநாட்டாரை மட்டும் நம்பும் அணி, கோப்பை வாங்கினாலும் ஊரின் அணியாகாது.

இதே காரணத்தால் நாங்கள் ஒருமுறை பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டோம். 2020 மார்ச் மாத இறுதி ஆட்டத்தில் சென்னையை எதிர்த்தது கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. கொரோனா அச்சத்தால் கோவாவில் ஒரு பார்வையாளர்கூட இல்லாத திடலில் அந்த ஆட்டம் நடந்தது. ஏ.டி.கே. அணியில் இருந்த மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரப் பிள்ளை. அந்தக் கடற்கரைச் சிற்றூர்களில் கோயில் திருவிழா எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கால்பந்துப் போட்டியும். எங்களில் இருவருக்கு அப்பக்கம்தான் பூர்வீகம். சென்னை 1-3 என்று தோற்றபோது எங்களில் பாதிப்பேர் அழுதோம். அந்த இருவரும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

தொழில்முறை அணிகளைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் உண்டு. ஆட்டம் தொடங்குவது பெரும்பாலும் இரவு ஏழரை மணிக்கு. முடிந்து நேரு விளையாட்டரங்கை விட்டு வெளியே வரும்போது மணி ஒன்பதரையைத் தாண்டிவிடும். அப்பாவோ அண்ணனோ உடன் வந்தாலன்றி எங்களால் போக இயலாது. அவர்களுக்கோ அன்று இரவு ஷிப்டு வந்துவிடும். மாதத்துக்கு ஒரு ஆட்டமாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வைத்தால், நேரு அரங்கில் எங்களைப் போன்றவர்களின் குரலும் கேட்கும்.

அடுத்து, சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, கடைசி ஆண்டுகளில் ஆடியதெல்லாம் கோவையில். 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்று தமிழகத்துக்குப் பெருமை சேர்த்த அணி அது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்களோடு நம் ஊர் இளைஞர்களும் பந்தைத் தரையோடு தரையாகத் தட்டித் தட்டி ஆடியது கண்ணுக்கு விருந்து. ஆனால் 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணியை ஐ-லீக்கில் காணோம். பட்டம் வென்ற ஓர் அணி இரண்டே ஆண்டுகளில் பனிபோல் மறையக்கூடும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். 2025-ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக்கே குறித்த காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனது. வீரர்களின் ஊதியத்தை நிறுத்தி வைத்த அணியும் உண்டு. கால்பந்து ஒன்றையே நம்பிய குடும்பங்கள் அந்த மாதங்களை எப்படிக் கடந்தனவோ, இறைவனுக்கே வெளிச்சம்.

இங்கேதான் எங்கள் தாத்தாமார் குரலை உயர்த்துவார்கள். “அந்தக் காலத்தில் ஆபீஸ் டீம் என்று இருந்தது. பந்தும் ஆடினான், பென்ஷனும் வாங்கினான்” என்பார்கள். உண்மைதான். 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, சுங்க இலாகா, வங்கிகள் எனப் பல அலுவலகங்கள் அணிகளை வைத்து ஆட்டக்காரர்களுக்கு வேலையும் கொடுத்தன. 1990-களில் தேசிய கால்பந்து லீக்கின் தொடக்க ஆண்டுகளில் இந்தியன் வங்கி அணி இந்தியாவின் பெரிய அணிகளோடு மோதியது. காலையில் பயிற்சி, பகலில் கோப்பு, மாலையில் ஆட்டம். கையொலி குறைவு, சாப்பாடு நிச்சயம். எங்கள் தெருக்களில் இன்று நிமிர்ந்து நிற்கும் மாடி வீடுகளில் சில, இப்படிப் பந்து கட்டிய வீடுகளே.

இனிக் கல்லூரி அணிகள். தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத இடம் இது. சென்ற ஆண்டு எங்கள் பி.டி. டீச்சர், மகளிர் கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டி ஒன்றைப் பார்க்க எங்களை அழைத்துச் சென்றார். பகல் இரண்டு மணி வெயில். திடலில் புல்லைவிட மண்ணே அதிகம். பார்வையாளர்களைவிட ஆட்டக்காரர்களே அதிகம். முதல் ஆட்டம் முடிந்ததும் ஒரு கோல்கீப்பர் தம் கையுறைகளைக் கழற்றி, அடுத்த ஆட்டத்தின் கோல்கீப்பரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இருவரும் வேறு வேறு கல்லூரி. அடுத்த நாள் ஒருவரையொருவர் எதிர்க்கப் போகிறவர்கள். கோடி ரூபாய் அணிகளிடம் காணாத ஓர் அழகை அங்கே கண்டோம்.

குறை சொல்லாமல் ரசிகர்களாக இருக்க முடியாதல்லவா? கல்லூரி அணிகளில் பலவும் போட்டிக்கு ஒரு மாதம் முன்புதான் கூடுகின்றன. ஆள் போதாமல் கபடியிலிருந்தும் ஹேண்ட்பாலிலிருந்தும் மாணவியரை இழுத்து வருகிறார்கள். ஹேண்ட்பால் அக்கா பழக்கதோஷத்தில் பந்தைக் கையால் பிடித்துவிட, பெனால்டி கொடுக்க நேர்ந்ததையும் பார்த்தோம். சிரித்தோம். ஆனால் யோசித்தால் அது சிரிக்கும் விஷயமன்று. பள்ளியில் நான்கைந்து ஆண்டுகள் கால்பந்து ஆடிய பெண்கள் இத்தனை பேர் இருக்கும்போது, கல்லூரி அணிக்கு ஏன் ஆள் போதவில்லை?

விடை எங்களுக்குத் தெரியும். பிளஸ் டூ முடிந்ததும் பெண்கள் பூட்ஸைக் கழற்றிவிடுகிறார்கள். எங்களுக்கு முன் படித்த ஓர் அக்கா இப்பகுதியிலேயே சிறந்த கோல்கீப்பர். பெண்களுக்குக் கால்பந்து அணி இல்லாத ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது, வீட்டுக்கும் அருகில். அதோடு ஆட்டம் நின்றது. இன்னோர் அக்கா விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தார். கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. இன்று பட்டம் பெற்று, பயிற்சியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே எங்கள் பள்ளித் திடலுக்கும் வந்து உதவுகிறார். இருவருக்கும் திறமையில் வேறுபாடு இல்லை. ஒரு கல்லூரியில் அணி இருந்தது, மற்றதில் இல்லை. அவ்வளவே. இந்த ஆண்டு பள்ளி அணியிலிருந்து விடைபெறுகிறவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் பந்தைத் தொடுவோம் என்பதே எங்கள் கவலை.

பெண்களுக்குக் கால்பந்து எதற்கு என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சில செய்திகளைப் பணிவுடன் சொல்கிறோம். 1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இவ்விளையாட்டு பொருந்தாது என்று சொல்லித் தன் திடல்களின் கதவை மூடியது. மீண்டும் திறக்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. கூட்டம் வராததால் மூடப்பட்ட ஆட்டமன்று அது. கூட்டம் வந்ததால் மூடப்பட்ட ஆட்டம்!

நம் மாநிலத்துக்கு வருவோம். 2018-இல் கட்டாக் நகரில் தமிழகப் பெண்கள் அணி, பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று தமிழகம் மீண்டும் தேசியப் பட்டம் சூடியது. இந்த வெற்றிகளில் பங்குள்ள இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது அவர் சென்னைத் தெருவில் பணியில் நின்றார். கால்பந்து பெண்ணுக்கு என்ன தரும் என்று கேட்கும் பெற்றோருக்கு, எங்கள் பதில் அவர் அணிந்திருக்கும் காக்கி உடை. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். 2025 ஜூலையில் நம் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேர்வானார்கள். எங்கள் பெஞ்சில் அன்று எழுந்த கூச்சலுக்கு மதர் எங்களை மன்னித்துவிட்டார் என்று நம்புகிறோம்.

திருச்சபைக்கும் கால்பந்துக்கும் உள்ள உறவையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செல்டிக் அணியை 1887-இல் தொடங்கியவர் மரிஸ்ட் சபைத் துறவியான சகோதரர் வால்ஃப்ரிட். கிளாஸ்கோ நகர ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதே அவர் நோக்கம். அர்ஜென்டினாவில் டிராம் வண்டி ஓடும் தெருவில் ஆபத்தாக ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களுக்குத் தம் கோயில் முற்றத்தைத் திறந்துவிட்டார் சலேசிய சபைக் குரு லொரென்சோ மாசா. ஞாயிறு திருப்பலிக்கு வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 1908-இல் அங்கே உருவானதே சான் லொரென்சோ அணி. 2025-இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதல் அந்த அணியின் ரசிகர். ஆகவே எங்கள் ரசனைக்கு ரோமாபுரியிலேயே ஆதரவு இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

முடிவாக எங்கள் தீர்ப்பு இது. தொழில்முறை அணி எங்களுக்குக் கனவு தருகிறது, அதற்கு நன்றி. அலுவலக அணிகள் எங்கள் தாத்தாமார்க்குச் சோறு தந்தன, அவற்றுக்கும் நன்றி. எங்களுக்கு இன்று வேண்டியது கல்லூரி அணி. பதினேழு வயதில் நிற்கும் ஒரு பெண்ணைப் பட்டத்தோடும் பந்தோடும் இருபத்தொரு வயது வரை கொண்டுசேர்க்கும் பாலம் அது ஒன்றே.

அன்புள்ள பெற்றோரே, கல்லூரி விண்ணப்பம் வாங்கும்போது, பாடப்பிரிவு, கட்டணம், பஸ் வசதி ஆகியவற்றோடு, “பெண்களுக்குக் கால்பந்து அணி உண்டா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பெற்றோர் கேட்டால் பதினோராவது நாள் அணி பிறக்கும். அன்புள்ள சிஸ்டர்களே, உங்கள் சபையார் நடத்தும் கல்லூரிகளுக்கு எங்களுக்காக ஒரு கடிதம் எழுதுங்கள். தங்கைகளே, எங்கள் எட்டு ஜோடி பூட்ஸும் ஸ்டோர் ரூம் அலமாரியில் இருக்கின்றன. அளவு சற்றுப் பெரிதாக இருந்தால் முன்னால் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.