தீப்பெட்டி ஊர்கள் இரண்டு

விருதுநகரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் மச்சான் சிரித்துவிட்டான். "நம்மூர்ல என்ன மாப்ள இருக்கு, வெயிலைத் தவிர?" அவனைக் குறை சொல்ல முடியாது. இங்கே இருந்தவரை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜப்பானில் ஹிமெஜிக்குக் குடிபோன பிறகுதான் சுற்றிப் பார்க்கும் பழக்கமே வந்தது. 1609இல் கட்டி முடித்த வெள்ளைக் கோட்டை, அதன் பக்கத்திலேயே கோகோஎன் பூங்கா, ஷோஷா மலையில் ஆயிரம் ஆண்டு தாண்டிய எங்க்யோஜி கோயில் என்று அங்கே விருந்தாளிகளை நானே கூட்டிப்போவேன்.

காமராஜர் வீட்டில் தொடங்கினோம். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவர் பிறந்த வீடு இவ்வளவுதானா என்று முதன்முறை வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் படித்த சத்திரிய வித்யாசாலா, வீடு வீடாகப் பிடி அரிசி திரட்டி நடத்திய பள்ளி. அடுத்து தேசபந்து மைதானம். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கேட்டு, 1956 ஜூலை 27 அன்று சங்கரலிங்கனார் தொடங்கிய உண்ணாவிரதம் நடந்த இடம். அக்டோபர் 13 அன்று உயிர் போயிற்று. பெயர் வந்தது 1969இல். சின்ன வயதில் இந்த வழியே எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை.

பங்குனிப் பொங்கல் சமயம். பராசக்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றி மஞ்சள் உடையும் அக்கினிச்சட்டியுமாகக் கூட்டம் நெரிந்தது. பஜாரில் வத்தல் நெடி மூக்கில் ஏற, எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு சிவகாசிக்குக் கிளம்பினோம்.

வழியில் திருத்தங்கல். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் குன்றின்மேல் இருக்கிறார். சிவகாசி சிவன் கோயிலுக்குத் தனிக் கதை உண்டு. காசியிலிருந்து பாண்டிய மன்னன் கொண்டுவந்த லிங்கம் தென்காசிக்குப் போக வேண்டியது. சுமந்து வந்த பசு இங்கே நின்று நகர மறுத்ததாம்.

தீயின் கதை அதற்கு வெகுகாலம் பிந்தியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகம் வந்தது, அச்சகத்திலிருந்து காலண்டர். மருந்தைக் கையாளத் தெரிந்த கைகள் பட்டாசுக்கும் போயின. மழை குறைந்த கரிசல் பூமிக்கு இந்தத் தொழில்கள் ஒத்துப்போயின. பள்ளி விட்டதும் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்கள்தான் மச்சானும் நானும்.

ஹிமெஜியும் தீப்பெட்டி ஊர்தான் என்றபோது அவன் நம்பவில்லை. ஜப்பானின் தீக்குச்சியில் பெரும்பகுதி இன்றும் அந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. ஒரு காலத்தில் நம் சாமி படங்களை லேபிளில் அச்சடித்து இந்தியாவுக்கே அனுப்பினார்கள். லைட்டர் வந்தது, தொழில் சுருங்கியது. இப்போது பழைய லேபிள்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், கொளுத்துகிறவர்கள் குறைவு.

இங்கேயும் லைட்டர் வந்துவிட்டது. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023இல் மத்திய அரசு தடுத்தது. பட்டாசுக்கு வேறு நெருக்கடி: 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. ஆனாலும் விடிந்தால் ஆலை வேன்கள் கிராமம் கிராமமாக ஆளேற்றுகின்றன. தொழில் ஓயவில்லை. விபத்துச் செய்தியும் ஓயவில்லை.

தொழில் செத்த பிறகுதான் அருங்காட்சியகம் வைக்க வேண்டுமா என்று மச்சானிடம் கேட்டேன். கல்கத்தா பயணம், பழைய லேபிள்கள், வெடி விபத்தில் போனவர்களின் பெயர்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பார்களே.

"வைக்கட்டும் மாப்ள. மொதல்ல, காலைல செட்டுக்குள்ள போனவ சாயங்காலம் முழுசா வீடு திரும்பட்டும். பெயர்ப் பட்டியல் நீளாம இருந்தாத்தான மியூசியத்துக்கு மரியாதை?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவேன். அவன் மருமகள் திங்கட்கிழமை வேனில் ஏற வேண்டும். எது முதல், எது பிறகு என்று சொல்லும் உரிமை அந்த வீட்டுக்குத்தான்.