ஓர் இடைத்தேர்தலும் ஒரு கையெழுத்தும்

வெளியுறவுக் கொள்கையைப் பற்றியெல்லாம் கவலைப்பட நமக்கு எங்கேடா நேரம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்கு அந்தக் கவலை ஒரு தேர்தல் தோல்விக்குப் பிறகு வந்தது. 2019 ஜனவரி 26, கேமரன் மலை நாடாளுமன்ற இடைத்தேர்தல்.

அப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் விடுமுறைக்கு கம்போங் ராஜாவுக்கு வந்திருந்தேன். 21 வயது அப்போதுதான் நிரம்பியிருந்ததால் பட்டியலில் என் பெயர் இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓட்டு இருந்தது. பாட்டிக்கு இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆயுசெல்லாம் தேயிலை கிள்ளியவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, ஆனால் குடிமகள் கிடையாது. “எனக்கும் சேத்து நீயே போட்டுட்டு வாய்யா” என்று அப்பாவை அனுப்பிவைத்தார்.

2018 பொதுத்தேர்தலில் நாட்டில் ஆட்சி மாறியது. கேமரன் மலை மட்டும் மாறவில்லை. தேசிய முன்னணி 597 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. ஒராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதைக் காரணம் காட்டி, நவம்பர் 30 அன்று தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. இந்த முறையாவது மாறும் என்று நம்பினோம். தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 12,038, ஜ.செ.க.வின் மனோகரன் 8,800. ரம்லி ஒராங் அஸ்லி சமூகத்திலிருந்து மக்களவைக்குப் போன முதல் ஆள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அறுபது வருடம் தாமதமாக வந்த நியாயம் அது. அந்த முடிவைப் புத்ராஜெயா படித்த விதம்தான் உறுத்தியது.

கணக்கைப் பாருங்கள். 2018இல் தேசிய முன்னணிக்கு 10,307. தனித்து நின்ற பாஸ் கட்சிக்கு மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல். இடைத்தேர்தலில் பாஸ் ஒதுங்கி நின்று தேசிய முன்னணியை ஆதரித்தது. இரண்டையும் கூட்டினால் 13,800ஐத் தாண்ட வேண்டும், கிடைத்ததோ 12,038. நம்பிக்கைக் கூட்டணிக்கும் 9,710 குறைந்து 8,800 ஆனது. அலை எதுவும் அடிக்கவில்லை. ஓட்டுப் போட வந்தவர்கள் குறைந்தார்கள், எதிர்த்தரப்பு ஒன்றுசேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாளிலிருந்து பேச்செல்லாம் மலாய்க்காரர் ஓட்டு கைநழுவுகிறது என்பதாகவே இருந்தது. மார்ச் 2 அன்று செமினி சட்டமன்றத் தொகுதியும் போனது. பயம் இன்னும் தடித்தது.

அந்தப் பயத்துக்கு முன்கதை உண்டு. 2018 செப்டம்பரில் பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுச்சபையில், மனித உரிமை தொடர்பாக மிச்சமிருக்கும் முக்கிய உடன்படிக்கைகளையும் மலேசியா ஏற்கும் என்று வாக்குக் கொடுத்தார். ஒன்பதில் நாம் சேர்ந்திருப்பது பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் பற்றிய மூன்றில் மட்டும்தான். அன்று அதைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது பாட்டியின் சிவப்பு அட்டை. ஒரு நாடு வெளியே கையெழுத்திட்டால் உள்ளே நம் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள் என்ற நம்பிக்கை. இரண்டே மாதத்தில், இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐசெர்ட் உடன்படிக்கையை ஏற்பதில்லை என்று அரசு அறிவித்தது. அப்படியும் டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் பெரும் பேரணி நடந்தது.

செமினி தோல்வி நடந்த இரண்டாம் நாள், மார்ச் 4 அன்று, வெளியுறவு அமைச்சர் சைஃபுடின் அப்துல்லாவின் முயற்சியால் மலேசியா ரோம் சாசனத்தில் சேர்ந்தது. அதாவது ஹேக் நகரிலுள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை ஏற்றது. ஜூன் 1 முதல் நடப்புக்கு வரவேண்டியது. ஏப்ரல் 5 அன்று விலகுவதாக மகாதீரே அறிவித்தார். சாசனம் நாட்டுக்குக் கெடுதல் என்பது அவர் சொன்ன காரணம் அல்ல. மக்களிடையே குழப்பம் உண்டாக்கப்பட்டுவிட்டது என்பதுதான்.

அந்தக் குழப்பத்தை நான் விடுதி அறையிலேயே பார்த்தேன். என் மலாய் ரூம்மேட் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, “நம்ம மாமன்னரையே அங்கே கொண்டுபோய் நிறுத்திடுவாங்களாமே, நிஜமா?” என்று கேட்டான். வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே பயந்திருந்தான். உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்க மறுத்தாலோ முடியாமல் போனாலோதான் ஹேக் தலையிடும். அதுவும் இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்குத்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். “படிச்சா புரியுது. ஆனா இதையெல்லாம் யாரு படிப்பா?” என்றான். அரசாங்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒரு மாதம் ஊர் ஊராகப் போய் விளக்குவதைவிடக் கையெழுத்தைத் திரும்பப் பெறுவது சுலபமாக இருந்தது.

தமிழர்களான நமக்கு இது இன்னொரு விதத்திலும் வலிக்கிறது. இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. 2009இல் நடந்தது அந்த நீதிமன்றத்தின் வாசலுக்கே போகவில்லை. மலேசியா சேர்ந்திருந்தாலும் அது மாறியிருக்காது, தெரியும். 2012இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது மலேசியா வாக்களிக்காமல் ஒதுங்கிய நாடு. அப்படி ஒதுங்கிய நாடு ஒருமுறையாவது ஒரு பக்கம் நிற்கிறேன் என்றது. அது ஒரு மாதம்தான் நீடித்தது.

நமக்கு அனைத்துலக நீதி தேவையே இல்லை என்றும் சொல்ல முடியாது. எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, தனித் தீர்ப்பாயம் வேண்டுமென்று 2015இல் பாதுகாப்பு மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது மலேசியாதான். ரஷ்யா தடுத்தது. 2024 பிப்ரவரியில், அதே ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் பாலஸ்தீனத்துக்காக வாதாடினார் வெளியுறவு அமைச்சர் முகமட் ஹசான். நல்ல வாதம். ரோம் சாசனத்திலிருந்து நாம் விலகிய எட்டாம் நாள் ரந்தாவ் இடைத்தேர்தலில் தேசிய முன்னணிக்காக வென்றவரும் அவரே. அடுத்தவன் குற்றத்துக்கு நீதிமன்றம் வேண்டும், நாம் மட்டும் அதில் உறுப்பினர் ஆகமாட்டோம் என்பது எவ்வளவு நாளைக்கு நிற்கும்?

2022க்குப் பிறகு, கேமரன் மலையில் மோதிய இரண்டு கூட்டணிகளும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ரம்லி மக்களவைத் துணைச் சபாநாயகர். 2019இல் யாரைப் பார்த்துப் பயந்தார்களோ அவர்களே இன்று பங்காளிகள். ஆனாலும் சாசனம் திரும்ப வரவில்லை, ஐசெர்ட் பேச்சே இல்லை. அப்போ பயம் எதிர்க்கட்சியைப் பார்த்து வந்தது இல்லை போல. அது நாற்காலியோடு சேர்ந்தே வருகிறது.

அடுத்த பொதுத்தேர்தல் நெருங்குகிறது. என் பயம் யார் தோற்பார்கள் என்பதில் இல்லை. சில ஆயிரம் ஓட்டுக் குறைந்ததும், கணக்கைக்கூடச் சரியாகக் கூட்டிப் பார்க்காமல், உலகத்துக்குக் கொடுத்த வாக்கை முதலில் தூக்கிப் போடுவார்களே, அதில்தான். சாலை, தண்ணீர், நிலப் பட்டா கேட்கும்போது வேட்பாளரிடம் இதையும் சேர்த்துக் கேட்போம்: ஐயா, மிச்சம் ஆறு உடன்படிக்கை இருக்கிறது, உங்கள் கட்சி எதில் கையெழுத்துப் போடும்? பதில் தெரியாமல் விழித்தாலும் பரவாயில்லை. அடுத்த ஊரில் அதே கேள்வி வந்தால் படித்துவிட்டு வருவார்.