தூங்கினாலும் பரவாயில்லை, வா

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. "நவீன நாடகம் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும், என்னை ஏன் இழுக்கிறாய்?" என்று எழுதியிருக்கிறாய். அம்மா படித்துவிட்டு, "அவள் சினிமாக் கொட்டகையிலேயே தூங்கினவள்தானே" என்றாள். சரி, தூங்கு. எங்கே தூங்கலாம், எங்கே கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் புரிசை, செய்யாறு பக்கம். தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவு விழாவுக்குப் போகலாம். விடிய விடியக் கூத்து. நீ தாராளமாகத் தூங்கலாம். ஊர்க்காரர்களே நடுச்சாமத்தில் பாயில் சாய்ந்துவிடுவார்கள், முகவீணை உச்சத்துக்கு ஏறினால் எழுந்து உட்காருவார்கள். வேஷக்காரர் வருமுன் இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். கீழே சலங்கைக் கால், மேலே கிரீடத்தின் நுனி, அவ்வளவுதான் தெரியும். அந்த நேரம் மட்டும் விழித்திரு. போன தடவை பந்தலுக்குப் பின்னால் துரியோதனன் டீ குடிப்பதைப் பார்த்தேன். புஜக்கட்டை இடித்ததால் டம்ளர் வாய்க்கு எட்டவில்லை. ஒரு சின்னப் பையன் பிடித்துக் குடிக்க வைத்தான்.

"இதில் புதுசு எங்கே?" என்பாய். இந்தப் புரிசைக்காரர்கள் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் வெண்கட்டி வட்ட நாடகத்தையே கூத்தாக ஆடியவர்கள். பாரிஸின் தியேத்ர் து சொலெய் குழு 2016இல் போட்ட 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தில் தெருக்கூத்து வரும். அந்த நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர் தம்பிரானின் மகன் சம்பந்தன். பரிசோதனை என்ற பெயரில் நம்மவர்கள் மேடையில் மெதுவாக நடப்பதைப் பார்த்துச் சலித்தவன் நான். கூத்தைப் பார்த்த பிறகுதான் எது நிஜப் பரிசோதனை, எது பாவனை என்று எனக்குப் பிடிபட்டது. அதனால்தான் உன்னை முதலில் அங்கே கூட்டிப்போகிறேன்.

அடுத்தது புதுச்சேரிக்கு வெளியே ஆதிசக்தி. வீணாபாணி சாவ்லா 1993இல் மும்பையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த நாடகக் குழு. அவர் 2014இல் காலமான பிறகு, மார்ச், ஏப்ரல் வாக்கில் அவர் நினைவாக விழா நடத்துகிறார்கள். அந்தக் குழுவின் நிம்மி ரஃபேல் நடிக்கும் 'நித்ராவத்வம்' எங்கே போட்டாலும் உன்னை விடமாட்டேன். பதினான்கு வருஷம் தூங்காத இலட்சுமணன், ஆறு மாதம் தூங்கும் கும்பகர்ணன், இரண்டு வேஷமும் அவர் ஒருவரே. உன் சங்கதிதான். ஆனால் அங்கே தூங்கக் கூடாது. நடிகரின் மூச்சு நமக்குக் கேட்கும் என்றால், நம் குறட்டையும் அவருக்குக் கேட்கும்.

திருச்சூர் சர்வதேச நாடக விழாவைப் பிறகு பார்ப்போம். கேரள சங்கீத நாடக அகாடமி 2008இல் தொடங்கியது. கூட்டம் நெரியும், டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கணும், உனக்குப் பொறுமை கிடையாது.

நேரத்துக்குக் கிளம்பு, அது முக்கியம். ஓர் ஊரில் ஐந்து நிமிஷம் பிந்திப் போனேன், கதவைச் சாத்திவிட்டார்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் இடிபட்டுப் போய், வாசற்படியில் உட்கார்ந்து உள்ளேயிருந்து வந்த செண்டைச் சத்தத்தை மட்டும் கேட்டுத் திரும்பினேன்.

லீவு எத்தனை நாள் என்று எழுது. பெரிய ஜமுக்காளம் உன்னிடம்தானே இருக்கிறது? மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அண்ணன்