இரண்டு அங்குலம் போதும்



செம்மண் சாலையின் குணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயிலில் புழுதி, மழையில் சேறு. 2023 மார்ச் மாதத்து வெள்ளத்தில் யோங் பெங், பத்து பஹாட், சிகாமட் பக்கமெல்லாம் ஜொகூர் மக்கள் 40,000 பேருக்கும் மேல் வீடு விட்டு வெளியேறினார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் லாரித் தடங்கள் முழங்கால் ஆழத்திற்குக் கிடந்தன. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வாரம் மூன்று முறை பட்டணத்தில் ரத்தச் சுத்திகரிப்பு. ஒரு முறை தவறினாலும் ஆபத்து. அவரை ஏற்றிச் சென்ற என் பழைய ஹைலக்ஸ் பிக்கப் தடத்தின் நடுமேட்டில் வயிறு தட்டி நின்றது. வண்டியைச் சற்று உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் பிறந்தது.

அந்த அம்மாவின் மகன் என் பழைய மாணவன். பட்டறை வேலை தெரிந்தவன். “சார், நாலு அங்குலம் தூக்குவோம், பார்க்க எடுப்பாக இருக்கும்” என்றான். “தம்பி, எடுப்பாக இருப்பதற்கா உயர்த்துகிறோம்? உன் அம்மா ஏறி உட்கார வேண்டாமா?” என்றேன். இரண்டு அங்குலத்தில் முடிவு செய்தோம்.

வண்டியை உயர்த்தினால் எல்லாமே உயர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பிக்கப்பின் பின் அச்சு, சக்கரங்களின் நடுவோடு பிணைந்தது. ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்கு மேலுள்ள சட்டமும் உடலும்தான் உயரும். அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி பழைய உயரத்திலேயே நிற்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றுதான். அதுவும் டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால், தரைக்கும் பெட்டிக்கும் இடையே 1 அங்குலமே கூடும். இந்தச் சின்னக் கணக்கைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிஞ்சும்.

சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் காப்புறுதி நிறுவனத்திலும் முதலில் கேட்டுக்கொண்டோம். கேளாமல் மாற்றிவிட்டு, விபத்து நடந்தபின் வருந்திப் பயனில்லை.

முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை நாங்கள் தொடவில்லை. அது அமுக்கி வைத்த பலம். பிடி நழுவித் தெறித்தால் உயிரையே வாங்கிவிடும். தகுந்த கருவியுள்ள பட்டறையில் அதை மாற்றிக்கொண்டோம். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை மட்டும் பள்ளி விடுமுறையில் நாங்களே மாற்றினோம்.

சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். பின் சட்டத்தை உயர்த்தி இரும்புத் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை நீட்டுகிறவன் தன் குடும்பத்தை அடகு வைக்கிறான்.

அச்சை ஜாக்கியில் ஏந்திக்கொண்டு, ஷாக் அப்சார்பரையும் யூ போல்ட்டுகளையும் கழற்றினோம். பிரேக் குழாய் இழுபடாதபடி மெல்ல அச்சை இறக்கி, பழைய பட்டையை எடுத்துப் புதியதை வைத்தோம். பட்டையின் நடு ஆணித் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் அச்சு கோணிவிடும். யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டோம். இரு முனைப் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகே இறுக்கினோம். தொங்கும் நிலையில் இறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

வேலை அத்துடன் முடியவில்லை. சக்கர நேர்மையைப் பார்க்கக் கொடுத்தோம். எதிரே வருபவர் கண்ணைக் கூசாதபடி விளக்கின் கோணத்தைத் திருத்தினோம். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கினோம்.

இப்போது அந்த நடுமேட்டை வண்டி தட்டாமல் தாண்டுகிறது. ஆனால் உயர்ந்த வண்டிக்குக் கவிழும் குணமும் கூடும். ஆகவே வளைவில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுகிறேன். ஓடும் வெள்ளத்தில் இறங்குவதும் இல்லை. சுமார் 2 அடி ஆழத்தில் ஓடும் நீர் பெரிய வண்டியையும் இழுத்துச் செல்லும். இரண்டு அங்குலம் அதற்கு மருந்தாகாது.

இளைஞர்களே, உங்கள் கையால் வேலை செய்யுங்கள், அதில் பெருமையுண்டு. ஆனால் உயர்த்துவது எதற்கு, யாரை ஏற்றிச் செல்வதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை அங்குலம் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிடும்.